பாலாற்றுக் கடற்படை

எங்கள் கல்லூரிக்கு இரண்டு வருடம் தலைவர் என்று யாரும் இல்லை. இருபத்தொரு பேர் அடங்கிய ஆட்சிக்குழு இருந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தலைவர் இருந்தார். அப்போது ஆட்சிக்குழு இருந்ததா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டில் எது தேவலை என்று என்னைக் கேட்க வேண்டாம். நான் அலுவலகக் கண்காணிப்பாளர் செல்வகுமார். கூட்டத்தில் பெரியவர்கள் பேசுவதை எழுதிக்கொள்வது என் வேலை. காலையில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கி, எழுதி, சாயந்திரம் திரும்பிப் போகிறவன். மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

கல்லூரியை நடத்துவது, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷெட் வைத்திருப்பவர்களும் ஷூ கம்பெனி வைத்திருப்பவர்களும் சேர்ந்த ஒரு சங்கம். பழைய தலைவர் ராமமூர்த்தி ஐயா பதினாறு வருடம் ஆண்டார். பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி மூடி என்று எல்லாவற்றிலும் 'உபயம்: ராமமூர்த்தி' என்று எழுதியிருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். அவர் செய்த ஒரே தப்பு, உறுப்பினர்களைக் கேட்காமல் உறுப்பினர்களிடம் பணம் கேட்டது. அரங்கம் கட்ட ஆளுக்கு இரண்டு லட்சம் என்று சுற்றறிக்கை விட்டார். மறுவாரமே பதவி போய்விட்டது. 'இனி இச்சங்கத்தில் தனிநபர் ஆட்சி இல்லை' என்று தீர்மானம் போட்டார்கள். ஐயா வெளிநாடு போய்விட்டதாக ஊரில் பேச்சு. வாலாஜாபேட்டையில் மகள் வீட்டில் இருந்தார் என்பதுதான் உண்மை.

சிக்கல் அடுத்த கூட்டத்திலேயே வந்தது. கூட்டத்தை யார் ஆரம்பிப்பது? நடு நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மற்ற இருபது பேரும் முறைத்தார்கள். கடைசியில் அந்த நாற்காலியைக் காலியாக விட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இந்த மாரி வேற எங்கியாச்சும் நடந்துகீதா?" என்று கேட்டார் ரஷீத் அஹமது. தோல் ஷெட் முதலாளி. சங்கத்தின் பணம் அவர் பொறுப்பு.

"இங்கிலாந்துல நடந்துருக்கு பாய்" என்றார் சத்தியநாதன். இவர் ஷூ மேல்பாகம் தைக்கிற கம்பெனி முதலாளி. நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் நாலாயிரம் பேருக்குப் பேசுவார். "நம்ம ஹிஸ்டரி மேடம் அதுலதான் டாக்டர் பட்டம் வாங்கிருக்காங்க. கூப்புடுங்க."

ஹிஸ்டரி மேடம் என்பது கெசியா. எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் ஜாஸ்தி, சம்பளம் கம்மி. நாலு வருடமாகத் தற்காலிகம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் குடியரசில் நாடாளுமன்றம் கடற்படைக்கு எப்படிப் பணம் புரட்டியது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கெதற்கு அந்த ஆராய்ச்சி என்று அவரைக் கேட்காத ஆள் இல்லை. கணவர் ஜெர்சன் மட்டும் கேட்டதில்லை. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. முகம் தெரியாத ஐரோப்பியர்களின் கால்களைப் பற்றி நாள் முழுக்கக் கவலைப்படுகிறவர்.

அன்று கெசியாவின் கைப்பையில் ராணிப்பேட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த வேலை உத்தரவு இருந்தது. நிரந்தர வேலை. ஜூனில் சேர வேண்டும். போக அவருக்கு மனசில்லை. வரலாற்றைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், அதுவும் கல்லூரியில் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கே நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று கேட்கத்தான் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நான் ராணிப்பேட்டை விஷயத்தைச் சத்தியநாதன் காதில் போட்டுவிட்டு, கெசியாவை அப்படியே கூட்டத்துக்குள் அனுப்பினேன்.

"1649ல ராஜாவோட தலைய எடுத்துட்டாங்க சார்" என்று ஆரம்பித்தார் கெசியா. "ராஜா பதவியே வேணாம்னு சட்டம் போட்டாங்க. நாடாளுமன்றத்துல இருந்தவங்களே குழு குழுவா பிரிஞ்சு ஆண்டாங்க."

"எத்தினி குழு?" என்றார் ரஷீத் அஹமது.

"சொல்லி முடியாது சார். ஒரு குழு வேல செய்யுதான்னு பாக்க இன்னொரு குழு."

இருபத்தொரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அதாம்மா நிர்வாகம்" என்றார் சத்தியநாதன்.

"அதனாலதான் சார் எந்த வேலையும் முடியாம..."

"ரொம்ப நன்றிம்மா. மீதிய அடுத்த கூட்டத்துல கேப்போம். ராணிப்பேட்டைக்கெல்லாம் போவாதீங்க. இந்தக் குடியரசுக்கு உங்கள மாதிரி ஆளுங்க வேணும். அடுத்த கூட்டத்துல உங்கள நிரந்தரம் பண்றோம்."

கெசியா நம்பினார். ராணிப்பேட்டைக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டார். அன்று ஜெர்சன் சொன்னதாக என்னிடம் பிறகு சொன்னார்: "தலைவருக்கே வேல நிரந்தரம் இல்லன்னு ஆக்குனவங்க, உனக்கு நிரந்தரம் பண்ணுவாங்களா கெசி?"

அடுத்த கூட்டத்தில் கெசியாவின் நிரந்தரம் நிகழ்ச்சி நிரலில் பதினேழாவது பொருளாக இருந்தது. பதினாறாவதில் டீயும் சமோசாவும் வந்துவிட்டன. வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். நிரந்தரத்துக்கு அல்ல.

"அவங்க செலவுக்கு இன்னா பண்ணாங்கம்மா?" என்றார் ரஷீத் அஹமது.

"ராஜாவோட நிலம், அரண்மனைல இருந்த படம், கம்பளம், எல்லாத்தையும் வித்தாங்க சார். கடன்காரங்களுக்குப் பணத்துக்குப் பதிலா படத்தக் குடுத்தாங்க. அரண்மனைக்குக் குழாய் வேல பாத்தவருக்குக்கூட பெரிய ஓவியம் ஒண்ணு கெடைச்சுது. எல்லாம் அடிமாட்டு விலை சார். வாங்குனதும் அவங்க ஆளுங்களே. அதுல நாட்டுக்கு..."

"அடிமாட்டு விலைன்னா, எவ்ளோ கம்மியா?" ரஷீத் அஹமது நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரே வாரத்தில் முன்னாள் தலைவர் பொருள் விற்பனைக் குழு அமைந்தது. ஐயாவின் அறையிலிருந்த ஏசி சத்தியநாதன் வீட்டுக்குப் போயிற்று. தேக்கு மேசை ரஷீத் அஹமதின் ஷெட்டுக்குப் போயிற்று. விலையை நிர்ணயித்த குழுவில் இருவரும் இருந்ததால் பேரம் சுமுகமாக முடிந்தது. விடுதிக்குக் குழாய் போட்டவருக்கு பாக்கிக்குப் பதிலாக ராமமூர்த்தி ஐயாவின் ஆளுயர வண்ணப்படம் வழங்கப்பட்டது. அவர் என்னிடம் வந்து புலம்பினார்.

"இத வச்சி நான் இன்னா சார் பண்றது? வீட்ல மாட்னா பசங்க சோறு துன்ன மாட்டேன்றாங்க."

"வெளிநாட்டுல இதுக்கெல்லாம் மதிப்பு ஜாஸ்தி" என்றேன். அவர் அதைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் கூரை ஒழுகுகிற இடத்தில் கவிழ்த்துப் போட்டாராம். ஒழுகல் நின்றுவிட்டது என்று நன்றி சொன்னார்.

இந்தச் சமயத்தில், அடுத்த வருடம், கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. கல்லூரியின் தனிச்சிறப்பு என்ன என்று ஒரு கேள்வி. ஆட்சிக்குழு நாள் முழுக்க யோசித்தது. கெசியாவைக் கூப்பிட்டார்கள்.

"அந்தக் குடியரச உலகம் எப்பம்மா மதிச்சிது?"

"கப்பல் கட்டுனப்புறம் சார். கொஞ்ச வருஷத்துலயே கடற்படைய ரெண்டு மடங்குக்கு மேல ஆக்கிட்டாங்க. அதுவரைக்கும் திரும்பிக்கூட பாக்காத ராஜாங்கல்லாம் தூது அனுப்பிச்சாங்க. ஆனா கப்பலுக்கே எல்லாத்தையும் கொட்டுனதால, கப்பல்ல வேல செஞ்சவங்களுக்கு..."

"கப்பல்!" என்று எழுந்துவிட்டார் சத்தியநாதன். அவர் பேசியதை வரிக்கு வரி எழுதினேன். இதோ: "நண்பர்களே! இந்தக் கல்லூரியில நல்ல நூலகம் இல்ல. லேப்ல சாமான் இல்ல. கழிப்பறையில தண்ணி இல்ல. இது ஏன்னு சிலர் கேக்கறாங்க. இதெல்லாம் எல்லாக் கல்லூரியிலயும் இருக்கு. எல்லார்கிட்டயும் இருக்கறத நாமளும் வச்சிருந்தா அதுல இன்னா பெருமை? இந்தப் பக்கத்துல எந்தக் கல்லூரியிலயாச்சும் கடற்படை இருக்கா? கேக்கறேன், பதில் சொல்லுங்க!"

"சார், பாலாத்துல தண்ணி இல்லியே" என்றார் கெசியா.

"தண்ணி விடறது மேல இருக்கறவரோட வேல. தயாரா இருக்கறது நம்ம வேல."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கடலூரிலிருந்து ஒரு பழைய ஃபைபர் மீன்பிடி படகு லாரியில் வந்தது. பள்ளிகொண்டா தாண்டும்போது அதைப் பார்த்த சிலர், வெள்ளம் வரப்போகிறது, அரசாங்கம் முன்கூட்டியே படகு அனுப்புகிறது என்று நினைத்துக் கட்டில் பீரோவை மாடிக்கு ஏற்றிவிட்டார்களாம். படகைக் கல்லூரி மைதானத்தில் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்தார்கள். பக்கவாட்டில் 'குடியரசு' என்று பெயர் எழுதினார்கள். அது கப்பல் என்றே எங்கும் குறிப்பிடப்பட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. உடற்கல்வி ஆசிரியர் நெல்வின், அவரும் தற்காலிகம்தான், தளபதி ஆனார். சிறு வயதில் கிணற்றில் நீச்சல் கற்றவர் என்பது தகுதி. மாணவர்களின் பெற்றோர் சண்டைக்கு வந்ததால் கௌரவ விரிவுரையாளர்களே மாலுமிகள். எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு தைத்தார்கள், தையல் கூலி அவரவர் செலவில்.

கப்பல் வந்தது, பாய்மரச் சீலை வரவில்லை. அதற்குப் பணம் வேண்டும். ஆளுக்கு ஐம்பதாயிரம் கடற்படை வரி என்று யாரோ சொன்னதும் கூட்டத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"பணமா எதுக்கு?" என்றார் ரஷீத் அஹமது. "மார்க்கெட் ரொம்ப டல்லு. சரக்கா குடுத்துடுவோம். நம்ம கிட்ட இல்லாத தோலா? தோல்லயே தைச்சிடலாம்."

இருபத்தொரு பேரில் ஒருவருக்குக்கூட இது விநோதமாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து தோலைத் தவிர வேறெதையும் விரித்துப் பார்க்காதவர்கள். எந்த முதலாளியாவது நல்ல சரக்கைத் தானம் கொடுப்பாரா? வெளிநாட்டுக்காரன் கழித்துத் திருப்பி அனுப்பிய ரிஜெக்ட் தோலாக வந்து இறங்கியது. சிவப்பு, ஊதா, பச்சை, மாம்பழ மஞ்சள். சாயம் நிற்காதது, ஓட்டை விழுந்தது, சொறி தெரிவது எல்லாம் இருந்தது. எது மேலே எது கீழே என்று முடிவு செய்ய சீலை வண்ணக் குழு நாலு முறை கூடியது. தன் ஷெட் தோல் உச்சியில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் அடம்பிடித்தார்கள். தைத்து முடித்தபோது ஆறு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடிந்தது. அதன் வாசனைக்கு ஊர் நாய்கள் அத்தனையும் கப்பலைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. அவற்றைத் துறைமுகப் பாதுகாப்பு என்று ஆண்டறிக்கையில் சேர்க்கச் சொன்னார் சத்தியநாதன். சேர்த்தேன்.

சீலை ஏற்றும் விழா அன்று மழை பிடித்தது. சீலை நனைந்து, கனம் தாங்காமல் பாய்மரம் முறிந்து, சாயமெல்லாம் கரைந்து மாலுமிகளின் வெள்ளை உடுப்பில் ஊற்றியது. நெல்வின் தலையிலிருந்து கால் வரை ஊதா. அப்படியே நின்று சல்யூட் அடித்தார், பாவம். "இது போர்க்களம் மாதிரியே இருக்கு" என்று சத்தியநாதன் கைதட்டினார். முறிந்த மரத்துக்குப் பதிலாக இரும்புக் குழாய் நட்டார்கள். அதில் சம்பளப் பணம் காலி.

இந்த முறை கெசியாவைக் கூப்பிட்டபோது அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"சம்பளத்துக்குப் பணம் இல்லாதப்ப அவங்க இன்னாம்மா பண்ணாங்க?"

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"சொல்லுங்கம்மா. அடுத்த பொருள் உங்களுதுதான்" என்றார் சத்தியநாதன். அது அப்போதும் பதினேழாவதாகத்தான் இருந்தது.

கெசியா சொன்னார். கண் கலங்கத்தான் சொன்னார். "மாலுமிங்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலா டிக்கெட் குடுத்தாங்க சார். பின்னாடி பணம் தர்றோம்னு ஒரு சீட்டு. வீட்ல பசி. அந்தச் சீட்ட கெடைச்ச விலைக்கு வித்தாங்க. வட்டிக்காரங்க கொழுத்தாங்க. மாலுமிங்க கலகம் பண்ணாங்க. ரொம்ப அநியாயம் சார் அது. அதப் படிக்கறப்ப எனக்கே அழுகை வந்துச்சு."

இரண்டு பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். மனசு கரைந்துவிட்டதோ என்று நான்கூட நினைத்தேன். பிறகு ரஷீத் அஹமது கேட்டார்: "டிக்கெட்டு எந்த சைஸ்ல இருந்துச்சு?"

அந்த மாதத்திலிருந்து கௌரவ விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் டிக்கெட்டாக வந்தது. அழகான டிக்கெட். கப்பல் படம் போட்டது. பஜாரில் பிரியாணிக் கடைக்காரர் நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு தட்டு குஸ்கா கொடுத்தார், கறி கேட்டால் அடுத்த டிக்கெட்டையும் எடுக்கச் சொன்னார். ஆசிரியர் அறையில் கெசியாவோடு ஒருவரும் பேசவில்லை. "ஏம்மா, நீ சோழர்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணிருக்கக் கூடாதா?" என்று தமிழ் ஆசிரியை ஒருவர் கேட்டே விட்டார். "அவங்களும் கப்பல்தான் விட்டாங்க அக்கா" என்றார் கெசியா.

என் அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதார். "நான் தப்புன்னு சொல்றதெல்லாம் இவங்களுக்கு யோசனையா கேக்குது சார். ராணிப்பேட்டை வேலையும் போச்சு. ஜெர்சன் ஓவர்டைம் பாத்து குடும்பம் ஓடுது. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இத்தினி பேரு வயித்துல அடிச்சிருக்க மாட்டாங்க." டீ வாங்கிக் கொடுத்தேன், என் காசில்.

மதிப்பீட்டுக் குழு வர ஒரு மாதம் இருந்தது. ஒரு தரமாவது கப்பல் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று, பக்கத்து ஏரி ஒன்றில் ஒத்திகை ஏற்பாடாயிற்று. நெல்வினும் மாலுமிகளும் காலையில் கப்பலை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கெசியாவுக்கு அன்று வகுப்பு இருந்ததால் போகவில்லை. ஆட்சிக்குழு கூடி, ஒத்திகை முடிந்த செய்திக்காகக் காத்திருந்தது. மதியம் ரஷீத் அஹமதுக்கு ஒரு போன் வந்தது. கப்பல் ஏரிக்குப் போகவில்லை. பள்ளிகொண்டா தாண்டி வாலாஜாபேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "அந்தம்மாவக் கூப்புடு" என்றார்.

கெசியா வந்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். "அப்புறம் இன்னாம்மா ஆச்சு? கடசீல?"

கெசியா கையைக் கட்டிக்கொண்டார். "பதினேழாவது பொருள் சார்."

இப்படி ஒரு வேகத்தை என் உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை. தட்டச்சு செய்து, இருபத்தொரு கையெழுத்தும் போட்டு, முத்திரை குத்தி, நிரந்தர நியமன உத்தரவு கால்மணி நேரத்தில் அவர் கைக்கு வந்தது. கெசியா அதை முழுக்கப் படித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா!"

"1660ல, அதே கடற்படை வெளிநாடு போய் ராஜாவோட மகனக் கப்பல்ல ஏத்திக்கினு வந்துடுச்சு சார். பழைய ஆட்சி திரும்ப வந்துடுச்சு."

சத்தியநாதன்தான் முதலில் எழுந்தார். "நான் எப்பவுமே ஐயா பக்கம்தான். இது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தீர்மானத்துல நான் மனசால கையெழுத்து போடல, பேனாவாலதான் போட்டேன்." மற்றவர்களும் அப்படியே என்றார்கள். தலைவரை நீக்கியது யார் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. பூக்கடைக்கு ஆள் ஓடியது.

சாயந்திரம் லாரி வந்தது. மேலே கப்பல். அதில் பலவண்ணச் சீலையின் கீழே ராமமூர்த்தி ஐயா கையைக் கூப்பியபடி நின்றார். வரும் வழியிலேயே பெயிண்டரைக் கூப்பிட்டு 'குடியரசு' என்பதை அழித்து 'உபயம்: ராமமூர்த்தி' என்று எழுதியிருந்தார்கள். முதல் மாலை சத்தியநாதன் போட்டார். ஐயாவின் ஏசி கெட்டுப்போய்விடக் கூடாதென்று இரண்டு வருடமாகத் தன் வீட்டில் ஓடவிட்டுப் பாதுகாத்ததாகச் சொன்னார். தேக்கு மேசையை ரஷீத் அஹமது அதற்குள் ஷெட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

ஐயா நடு நாற்காலியில் அமர்ந்து என்னைப் பார்த்தார். "எழுதிக்க செல்வகுமார். நான் போகவே இல்ல. நடுவுல போட்ட தீர்மானம், உத்தரவு, கொடுக்கல், வாங்கல், எதுவுமே நடக்கல. புத்தகத்துல எல்லாத்தையும் அடிச்சிடு. ஒரு வரி இருக்கக் கூடாது. நான் பதினெட்டு வருஷமா தலைவர்."

நெல்வின் முன்னால் வந்தார். "ஐயா, எங்க டிக்கெட்டுக்குப் பணம் தர்றேன்னு வாலாஜால சொன்னீங்களே."

"எந்த வருஷத்து டிக்கெட்டு தம்பி?"

"போன வருஷம், இந்த வருஷம்யா."

"அதான் நடக்கலியே. நடக்காத வருஷத்துக்கு எப்பிடி சம்பளம் குடுக்கறது? நீயே சொல்லு."

கெசியா தன் உத்தரவை நீட்டினார். ஐயா கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதிருக்காங்க. ஆனா இது இல்லம்மா" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, ஆறு வருஷமா இங்க வேல செய்யறேன்."

"நாலு வருஷம்" என்று திருத்தினார்.

கெசியா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. "எல்லாத்தையுமே அடிச்சிடணுமா ஐயா? வாங்குனது, வச்சது, ஒண்ணு விடாம?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு விடாம."

கெசியா என்னைப் பார்த்தார். நான் குனிந்து எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரி ரயிலுக்கு நேரமாகிவிட்டாலும், ஐயா சொன்னபடி தீர்மானப் புத்தகம், இருப்புப் பதிவேடு எல்லாவற்றிலும் இரண்டு வருடத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டே போனேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

மதிப்பீட்டுக் குழு வருகிற நாள் வந்தது. காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், ஒரு லாரி மைதானத்துக்குள் வந்தது. முன்னால் ஜெர்சனும் கெசியாவும் இருந்தார்கள். பின்னால் நெல்வினும் மற்ற டிக்கெட்காரர்களும். கப்பலில் கயிறு கட்டி ஏற்ற ஆரம்பித்தார்கள். காவலாளி என்னிடம் ஓடி வந்தார்.

"சார், கல்லூரி சாமான் வெளிய போவணும்னா பதிவேட்ல பாக்கணுமே."

"பாரேன்" என்றேன்.

பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். கல்லூரியில் கப்பல் எதுவும் இல்லை. இல்லாத கப்பலை எந்தச் சட்டப்படி நிறுத்துவது? தலையைச் சொறிந்துகொண்டே போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

கெசியா என் ஜன்னலருகே வந்தார். "பள்ளிகொண்டா பக்கத்துல புதுசா ஒரு காலேஜ் ஆரம்பிச்சிருக்காங்க சார். அவங்களுக்கும் கப்பல் வேணுமாம். டிக்கெட் வச்சிருக்கற எல்லாருக்கும் பணம் குடுத்துட்டாங்க. முழுப் பணம். எனக்கு அங்க வேல, நிரந்தரம். முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டேன்."

"நல்லா இருங்கம்மா" என்றேன். லாரி கிளம்பியது. ஊர் நாய்கள் கொஞ்ச தூரம் கூடவே ஓடின.

பதினோரு மணிக்கு ராமமூர்த்தி ஐயா பட்டு அங்கவஸ்திரத்தோடு மதிப்பீட்டுக் குழுவை மைதானத்துக்கு அழைத்து வந்தார். பின்னால் சத்தியநாதன், ரஷீத் அஹமது, மற்ற பத்தொன்பது பேர். "இந்தப் பக்கத்துல எந்தக் கல்லூரியிலயும் இல்லாத ஒண்ண இப்ப நீங்க பாக்கப்போறீங்க" என்று கையை நீட்டினார். கை நீண்ட இடத்தில் செங்கல் மட்டும் இருந்தது.

"யோவ் செல்வகுமார், கப்பல் எங்கய்யா?"

"எந்தக் கப்பல் ஐயா?" என்றேன்.